பாஸ்வேர்டு கேட்கும் கதவு

போன் அடித்தது.

வயர் மாப்பிள்ளை எடுக்கவில்லை.

அடிக்கட்டும் என்று விட்டான். முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால், காத்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிடாதா? கொலை செய்தவனுக்கு இந்த நிதானம்கூட இல்லாவிட்டால் எப்படி!

காபியை ஒரு வாய் குடித்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.

"என்னங்க, போன் அடிக்குது பாருங்க," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

"எவனாவது ஆபீஸ்காரனா இருப்பான். காலங்காத்தால பிராணனை வாங்குவானுங்க..."

எடுத்தான். கிடங்கு மேனேஜர்.

"மாப்பிள்ளை சார்... உடனே குடோனுக்கு வாங்க. முதலாளி... மூணாம் நம்பர் ரூம்ல..."

"மாமாவுக்கு என்ன?"

"விறைச்சுக் கிடக்கார் சார். போலீஸ் வந்திருக்கு."

மாப்பிள்ளையின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அதை முகத்தில் காட்ட முடியுமா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். காபிக் கோப்பையை வேண்டுமென்றே தட்டிவிட்டான். சிதறியது. துக்கத்துக்கு ஒரு சத்தம் வேண்டும், பாருங்கள்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு என்னங்க?"

"மனசைத் திடப்படுத்திக்கம்மா. குளிர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டார் போல. நேத்து வீட்டுக்கு வரலைன்னு நீகூடச் சொன்னியே... நான்தான் ஏதோ லோடு வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்."

அவள் அழவில்லை. தரையில் உடைந்து கிடந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டான்.

"நானும் வரேன்."

"வேணாம். நீ பார்த்தா தாங்க மாட்டே."

"நீங்க தாங்குவீங்களா?"

இதென்ன கேள்வி என்று ஒரு கணம் தோன்றியது. கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியபிறகுதான் சிரித்தான்.

அவனுக்கு 'வயர் மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது மாமனார்தான். மீனை உறைய வைத்துக் காக்கும் குளிர்கிடங்கு அவருடையது. நாலு குளிர் அறைகள், முன்னால் லாரிகள் வந்து நிற்கும் சிமெண்ட் மேடை, மூலையில் கண்ணாடி ஆபீஸ். கம்ப்யூட்டர் படித்த பையன் என்று பெண்ணைக் கொடுத்தார். வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொண்டார். அப்புறம் யார் வந்தாலும் ஒரே அறிமுகம்தான்.

"இவர் நம்ம மாப்பிள்ளை. ஒரு வயரைப் புடுங்கி இன்னொரு வயரைச் சொருகுவார். வேற ஒண்ணும் கேட்டுடாதீங்க, பாவம்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் சிரிப்பான். சிரித்துச் சிரித்தே உள்ளுக்குள் வெந்துபோனான் மனுஷன்.

போன வாரம் கிழவர் சாப்பாட்டு மேசையில் வைத்தே முடிவைச் சொன்னார். தனக்குப் பிறகு கிடங்கு பெண் பேருக்கு. நிர்வாகமும் அவள்தான்.

"நீங்க வழக்கம்போல வயரைப் பாருங்க மாப்பிள்ளை."

அன்றைக்கே அவர் கதையை முடிப்பது என்று தீர்மானித்துவிட்டான். உயில் எழுதுவதற்குள் கிழம் போய்ச் சேர்ந்தால், பெண்டாட்டியைக் கையெழுத்துப் போட வைப்பது ஒரு பெரிய காரியமா?

ஆயுதம்? அதைக் கிழவரே கையில் கொடுத்திருந்தார்!

அறைக் கதவுகளைத் திறந்து மூடுவது ஒரு வெப்சைட். வெளியே ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ அதைத் திறக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்டால், சுவரில் பதித்த டேப்லெட்டில் திறக்கலாம். பேரும் பாஸ்வேர்டும் போட்டால் 'திற' என்று ஒரு பொத்தான் வரும். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் கொட்டை எழுத்தில் கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். எவன் திறந்தான், எவன் மீன் பெட்டியைத் தூக்கினான் என்றே தெரியவில்லை. ஆளாளுக்குத் தனி லாகின் வேண்டும் என்று கிழவர் குதித்தார்.

மாப்பிள்ளை செய்து கொடுத்தான். கம்பெனி ஆள்கள் எல்லாருடைய பேரும் பாஸ்வேர்டும் டைரக்டரி என்ற ஒரே இடத்தில் ஏற்கனவே இருந்தன. அதையும் இந்த வெப்சைட்டையும் இணைத்தான். இனிமேல் யார் வந்து பாஸ்வேர்டு போட்டாலும் வெப்சைட் தானாக முடிவு செய்யாது. டைரக்டரியைக் கேட்கும்... இந்த ஆள் நிஜமாகவே அந்த ஆள்தானா? டைரக்டரி சரி என்றால் கதவு திறக்கும். இல்லை என்றால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்த டைரக்டரி மாப்பிள்ளையின் கையில்!

வேலை முடிந்த அன்று வீட்டில் பீற்றிக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பிப் பாத்தீங்களா?"

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள். அவள் அவனுக்கு மேலதிகாரி. அவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். கல்யாணம் ஆன கையோடு அவளை வேலையை விடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ அடுப்பைப் பாரு," என்றான்.

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நேற்று மாலை ஆள்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, கிழவர் வழக்கம்போலப் பெட்டிகளை எண்ணத் தனியாக மூன்றாம் அறைக்குள் போனார். மாப்பிள்ளை கண்ணாடி ஆபீஸில் உட்கார்ந்து டைரக்டரியில் அவருடைய பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றிய தடயத்தையும் துடைத்தான். கதவை மூடினான். வீட்டுக்கு வந்து இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டான்.

கத்தி இல்லை. ரத்தம் இல்லை. உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல மாதமாகிறது. டேப்லெட் இருக்கும்போது எதற்குத் தண்டச்செலவு என்று சொன்னவர் கிழவரேதான். அந்த இரும்புச் சுவருக்குள் செல்போனும் எடுக்காது.

நல்லா சாகட்டும்!

கிடங்கு மேடையில் ஒரு மரப்பலகை. அதன்மேல் நீலத் தார்ப்பாய். தார்ப்பாய்க்கு வெளியே இரண்டு கறுப்பு ஷூ நீட்டிக்கொண்டிருந்தன. மாமனாரின் ஷூ. வாரத்துக்கு ஒரு தடவை அதைப் பாலிஷ் போடச் சொல்லி மாப்பிள்ளையிடமே நீட்டுவார்.

"மாமா... என்னை இப்படி அநாதையாக்கிட்டுப் போயிட்டீங்களே மாமா..."

முழங்காலில் விழுந்து கதறினான். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாவம், விசுவாசி.

"எழுந்திருங்க சார்."

பெண் குரல். இன்ஸ்பெக்டர். நாற்பதைத் தாண்டியவள். இரவெல்லாம் தூங்காத கண்கள். கையில் காகித டம்ளரில் டீ.

"நீங்கதான் மருமகனா?"

"மருமகன் இல்ல மேடம். மகன். அப்படித்தான் வச்சிருந்தார் என்னை."

"முகத்தைப் பார்த்து இவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும். தார்ப்பாயை விலக்கட்டுமா?"

மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினான். உறைந்து, வாய் பிளந்து கிடக்கும் கிழவரின் முகம். அந்தக் கண்கள் ஒருவேளை திறந்தே இருந்தால்?

"வேணாம் மேடம். என் மனசு தாங்காது. இது அவர் ஷூதான். அவரேதான்."

"சரி, அதுவே போதும்," என்று டீயை உறிஞ்சினாள். "இப்ப சொல்லுங்க. உள்ள ஒரு டேப்லெட் இருக்காமே? அதுல அவரே திறந்து வெளிய வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம் மேடம். அதுதான் எனக்கும் ஆறவே மாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புது லாகின் போட்டுக் கொடுத்தேன். ஆளாளுக்குத் தனிப் பாஸ்வேர்டு. அவருக்கு அது மனசுல நிக்கவே இல்ல. வயசாயிடுச்சு இல்லையா... பாஸ்வேர்டு மறந்துபோச்சு. பதட்டத்துல வேற இருந்திருப்பார்."

"மறந்துட்டாரா?"

"அடிக்கடி மறப்பார் மேடம். வீட்டுல கேட்டுப் பாருங்க."

"அப்ப விபத்துன்னு எழுதிடலாம்ங்கறீங்க."

அடடா! அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே இந்த அழுகை எல்லாம்!

"நான் என்ன மேடம் சொல்றது. நீங்க பார்த்து எழுதறதுதான்."

"எழுதிடறேன். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. அந்த டேப்லெட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு நான் பார்த்தாகணும். அது கோளாறுன்னா கதை வேற மாதிரி போகும். நீங்க உள்ள போய் உங்க பேருல திறந்து காட்டுங்களேன். திறந்தா, கருவி சரி, பெரியவர் மறதிதான் காரணம்னு முடிச்சுடலாம்."

"இவ்வளவுதானே மேடம்? இதோ."

மூன்றாம் அறைக்குள் நடந்தான். குளிர் சட்டைக்குள் புகுந்து முதுகில் ஓடியது. இரு பக்கமும் மீன் பெட்டிகள் கூரை வரை. சுவரில் டேப்லெட்.

கதவு பின்னால் மூடிக்கொண்டது.

பேரை அடித்தான். பாஸ்வேர்டை அடித்தான்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டோம் போல. நிதானமாக மறுபடி அடித்தான்.

'உங்களுக்கு அனுமதி இல்லை.'

மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. கதவைத் தட்டினான்.

"மேடம்... ஏதோ கோளாறு. வெளியிலேருந்து திறங்க."

டேப்லெட்டின் ஸ்பீக்கர் கரகரத்தது. கதவுக்கு வெளியே இருக்கும் மைக் வழியாக உள்ளே இருப்பவனோடு பேசுவதற்கு அவனே வைத்த வசதி.

"கோளாறு எல்லாம் இல்லைங்க," என்றது குரல். "அனுமதிப் பட்டியல்லேருந்து உங்க பேரை நான் எடுத்துட்டேன். நீங்க குளிக்கப் போயிருந்தீங்களே, அப்ப."

மனைவியின் குரல்!

"நீயா? நீ எப்ப வந்தே? எப்படி... பாஸ்வேர்டு இல்லாம எப்படி உள்ள போனே?"

"உங்க பின்னாலேயே ஆட்டோவுல வந்தேன். காலையில வீட்டுலேருந்தே உங்க பேரை அடிச்சேன். பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பினேன். திறந்துக்கிச்சு. நான் அன்னிக்கே கேட்டேனே, நீங்க அடுப்பைப் பாருன்னீங்க."

மாப்பிள்ளை டேப்லெட்டை முறைத்தான்.

"பாஸ்வேர்டே இல்லாம ஒரு பேரு வந்தா, டைரக்டரி என்ன நெனைக்கும்? யாரோ முகவரி இல்லாத ஆளு சும்மா எட்டிப் பார்க்க வந்திருக்கான்னு நெனச்சு 'சரி'ன்னு சொல்லிடும். உங்க வெப்சைட் அந்தச் 'சரி'யைக் கேட்டுட்டு, உங்க பேரைப் போட்டா நீங்கதான்னும், முதலாளி பேரைப் போட்டா முதலாளியேதான்னும் நம்பிக் கதவைத் திறந்துடும். புதுசா இந்த வேலைக்கு வர பசங்க பண்ற தப்புங்க இது."

"முதலாளியா... எந்த முதலாளி..."

கதவில் இருந்த சிறு கண்ணாடியைக் கையால் துடைத்தான். வெளியே மேடை தெரிந்தது. மரப்பலகை தெரிந்தது.

தார்ப்பாய் தட்டையாகக் கிடந்தது. ஷூவைக் காணோம்!

அடுத்த கணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். நரைத்த மீசை. காது நுனிகள் பனியில் கருத்துப்போயிருந்தன.

"நல்லா அழுதீங்க மாப்பிள்ளை," என்றது ஸ்பீக்கர், இப்போது கிழவரின் குரலில். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பாசமா என்னை மாமான்னு கூப்பிட்டதில்ல."

"மா... மாமா..."

"நேத்து என் பாஸ்வேர்டை ரெண்டு தடவை போட்டேன். இல்லைன்னிடுச்சு. மூணாவது தடவை பேரை அடிக்கறதுக்குள்ள விரல் மரத்துப்போச்சு. பாஸ்வேர்டு அடிக்கவே முடியல. கையை மடக்கி முட்டியால அந்தப் பொத்தானை அப்படியே ஒரு குத்து. திறந்துடுச்சு. உங்க அரைகுறை வேலை என் உயிரைக் காப்பாத்துச்சு மாப்பிள்ளை. முழுசா செய்யத் தெரிஞ்சவனா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்."

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டேப்லெட்டின் மேல் பாய்ந்தான். காலிக் கட்டம்! கிழவரின் பேரை அடித்தான். பாஸ்வேர்டைக் காலியாக விட்டு அழுத்தினான்.

'பாஸ்வேர்டு தேவை.'

"அந்த ஓட்டையை அடைச்சுட்டேங்க," என்றாள் மனைவி. "கட்டம் காலியா இருந்தா டைரக்டரிகிட்டப் போகாதேன்னு ஒரே ஒரு வரி. நீங்க எழுதாம விட்ட வரி."

பற்கள் தந்தியடித்தன. சட்டை விறைத்துக்கொண்டு வந்தது.

"இன்ஸ்பெக்டர் மேடம்... இது கொலை முயற்சி மேடம்... நீங்க போலீஸ்..."

"இருக்கேன் சார், இங்கதான்," என்றாள் இன்ஸ்பெக்டர். "பெரியவர் நேத்தே புகார் கொடுத்துட்டார். ஆனா நீங்கதான் பாஸ்வேர்டை மாத்தினீங்கன்னு காட்ட ஒரு துரும்புகூட இல்ல. சுத்தமா துடைச்சிருந்தீங்க. மறதின்னு நீங்க சொல்லிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னேன். உங்க வீட்டம்மாதான் ராத்திரி போன்ல வழி சொன்னாங்க."

"என்ன வழி?"

"இப்ப அந்தக் கதவைத் திறக்க ஒரே ஒரு லாகின்தாங்க பாக்கி," என்றாள் மனைவி. "அப்பாவோடது. அதோட புதுப் பாஸ்வேர்டு அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. நான் அதைத் தொடவே இல்ல. மாத்தினவருக்கு மட்டும்தான் தெரியும். மாத்தினது நீங்க இல்லைன்னா சும்மா இருங்க. குற்றமில்லாத ஆளுன்னு மேடமே ஒத்துக்குவாங்க. கொஞ்ச நேரம் குளிரும், அவ்வளவுதான்."

மாப்பிள்ளை கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். எவ்வளவு நேரம்? வெளியே இருக்கிறவளை அவனுக்குத் தெரியும். ஒரு தப்பைப் பிடித்தால் விடவே மாட்டாள்.

"ஏய்... விளையாடாதே... கை மரத்துப்போகுது..."

"எங்க அப்பாவுக்கும் மரத்துச்சுங்க. நீங்க அப்ப எங்கூட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டீங்க."

அந்தக் குரலில் கோபம் இருந்தால்கூட ஒரு நம்பிக்கை வந்திருக்கும். கோபமே இல்லை.

முதலில் காது போனது. அப்புறம் கால் விரல்கள். கதவைக் காலால் உதைத்தான். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பதுதான் அவனைக் கொன்றது. நேற்று இதே இடத்தில் கிழவர் இப்படித்தான் உதைத்திருப்பார் என்ற நினைப்பு வந்தது. சீச்சீ, இரக்கம் ஒன்றும் இல்லை. தனக்கும் இது நடக்கிறதே என்ற பயம்தான்.

தாங்கவில்லை. அடிக்க ஆரம்பித்தான்.

யாரும் ஊகிக்கவே கூடாது என்று அந்தப் பாஸ்வேர்டை ரயில் வண்டி நீளத்துக்கு வைத்திருந்தான். நடுவில் எண்கள், குறிகள். இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் பக்கத்து எழுத்தில் போய் விழுந்தது.

'தவறான பாஸ்வேர்டு.'

"பார்த்து அடிங்க மாப்பிள்ளை," என்றார் கிழவர். "மூணு தடவை தப்பாச்சுன்னா பூட்டிக்கும்னு நீங்கதானே வச்சீங்க."

'தவறான பாஸ்வேர்டு. இன்னும் ஒரு வாய்ப்பு.'

விரல்களை வாய்க்குள் திணித்துக்கொண்டான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து இழுத்தது. இந்தத் தடவை நிஜக் கண்ணீர். விரலை வெளியே எடுத்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தான். வெளியே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அதெல்லாம் கவலையில்லை. கடைசி எழுத்து. அழுத்தினான்.

'வணக்கம், முதலாளி!'

"மேடம், பாத்துக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பார்த்தேன், கேட்டேன், படமும் பிடிச்சாச்சு," என்றாள் இன்ஸ்பெக்டர். "போதும்மா. கையும் களவுமா மாட்டிக்கிட்டார்."

'திற' என்ற பச்சைப் பொத்தான் திரையில் மின்னியது. மாப்பிள்ளை அதை நோக்கி விரலைக் கொண்டுபோனான்.

பொத்தான் மறைந்தது. திரையில் மறுபடி இரண்டு காலிக் கட்டங்கள்.

"என்னது இது... என்ன பண்ணினே..."

"லாக் அவுட் பண்ணிட்டேங்க," என்றாள் மனைவி. "அப்பாவோட பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். ஊருக்கே கேக்கற மாதிரி சத்தமா சொன்னீங்களே, அப்படியே விட்டா பாதுகாப்பு இல்லையே."

அவன் கதவில் சரிந்து உட்கார்ந்தான். கன்னம் இரும்பில் ஒட்டிக்கொண்டது.

"நான்தான்... நான்தான் பண்ணினேன். எங்க வேணா கையெழுத்துப் போடறேன். ஜெயிலுக்குப் போறேன். மாமா, உங்க கால்ல விழறேன்... திறங்க மாமா..."

"ஐயா, சீக்கிரம் திறங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "எனக்கு ஆள் உயிரோட வேணும்."

"நீங்க அந்த டீயைக் குடிச்சு முடிங்கம்மா. இதோ திறந்துடறேன்," என்றார் கிழவர்.

மாப்பிள்ளை தலையை உயர்த்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி ஒரு துண்டுக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டுவது தெரிந்தது. புதுப் பாஸ்வேர்டு! கிழவர் அதை வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாலாக மடித்து, எட்டாக மடித்து, இன்ஸ்பெக்டரின் டீ டம்ளருக்குள் மெதுவாகப் போட்டார்.

மைக்குக்குப் பக்கத்தில் வந்தார்.

"திறக்கலாம்தான் மாப்பிள்ளை. ஆனா என்ன பண்றது, வயசாயிடுச்சு இல்லையா... பாஸ்வேர்டு மறந்துபோச்சு!"